மறுப்பவர்கள் கை தூக்கலாம்

ஜூலை 9, திங்கள்

இன்று வேலைக்குத் திரும்பினேன். போகக்கூடிய உடம்புதான் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டில் இன்றுதான் நம்பினார்கள். கை நன்றாக இருக்கிறது. கால் நன்றாக இருக்கிறது. மாடிப்படியை யார் தோளையும் பிடிக்காமல் ஏறினேன். ஜூன் மாதம் எனக்கு நடந்ததற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்துப் பேசுகிறார்கள். நான் அதை மயக்கம் என்றே எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஆங்கிலம்–தமிழ்க் கலைச்சொல் அகராதி அலுவலகம் அப்படியே இருக்கிறது. திருச்சி வெயிலுக்கு நடுவே மூன்று அறைகள், முனகுகிற மின்விசிறிகள், அலமாரி நிறைய அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மருத்துவம், சட்டம், பொறியியல், இசை என்று ஒவ்வொரு துறையிலும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், தமிழில் என்ன சொல்வது என்று அட்டையில் இருக்கும். தொடங்கிய நாளிலிருந்து பதிப்பாசிரியர் நான். இப்போது எஸ் எழுத்தில் நிற்கிறோம். ஆங்கிலத்தில் சொற்கள் மண்டிக் கிடக்கிற எழுத்து அது. வேறு யாரிடமாவது கொடுத்தால் மூச்சு வாங்கிவிடுவார்கள் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

நிறைமதி என் மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். என் உதவிப் பதிப்பாசிரியர். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு இங்கே வந்தவள். மே மாதம் ஓர் ஒற்றெழுத்துக்காகச் சாப்பாட்டு வேளை முழுக்க என்னோடு மல்லுக்கு நின்றவள். இன்று சரியாக இருந்த ஓர் இடத்தைக் காட்டி, தவறு என்றேன். சரிங்கய்யா, மாத்திடறேன் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஜூலை 11, புதன்

பேச்சுப் பயிற்சி என்று என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். ஆக்னஸ் என்ற பெண் படம் காட்டி, இது என்ன என்று கேட்கிறாள். முதல் படம், தலை வாரப் பயன்படும் பற்களுள்ள கருவி. அப்படியே சொன்னேன். பேர் சொல்லுங்க சார் என்றாள். அடுத்தது, கதவைச் சாத்திய பின் பிறர் திறக்க முடியாமல் செய்யும் இரும்புச் சாதனம். அதற்கடுத்தது மழைக்குப் பிடிப்பது. எந்தக் குழுவிலும் ஒரு திருத்தம்கூட இல்லாமல் நிறைவேறக்கூடிய வரையறைகள். அகராதியில் பெயரைக் கொடுத்துப் பொருளைக் கேட்பார்கள். இவள் தலைகீழாகக் கேட்கிறாள். எனக்குப் பழக்கமில்லாத தேர்வு, அவ்வளவுதான்.

கடைசியில், "உங்க வீட்டம்மா பேரு சொல்லுங்க சார்" என்றாள். எங்கள் பக்கம் மனைவி பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை என்று தெரிவித்தேன். அவள் ஏதோ குறித்துக்கொண்டாள்.

மனைவி வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஜூலை 16, திங்கள்

சாப்பிடும்போது நான் தொடங்கிய வாக்கியத்தை மனைவி முடித்துக்கொடுத்தாள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 20, வெள்ளி

காலையில் ரேஷன் கடை. அரிசி நன்றாக இருந்தது. பில் போடுகிறவர் நான் வாய் திறக்கும் முன்பே மனைவியைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார். குடும்ப அட்டையில் முதல் பெயர் என்னுடையது.

மதியம் எஸ் தொகுதியின் மெய்ப்புப் படி வந்தது. திருத்தியபடியே போனேன். ஸ்ட்ரோப் வந்தது. அடுத்து ஸ்ட்ரோல். நடுவில் ஒரு சொல் இல்லை.

அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். அட்டையும் இல்லை. கணினியில் பார்த்தேன். அங்கும் இல்லை. ஸ்ட்ரோக் என்ற சொல்லை எங்கள் அகராதியிலிருந்து யாரோ சுத்தமாக வழித்து எடுத்திருக்கிறார்கள்.

ஜூலை 21, சனி

நிறைமதிதான். கேட்டவுடன் ஒத்துக்கொண்டாள். மெய்ப்பு என் கைக்குத்தான் வரும், அந்தச் சொல் என் கண்ணில் பட வேண்டாம் என்று நினைத்தாளாம். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் பேராசிரியர் இன்னாசிமுத்துவிடமும் சொல்லிவிட்டாளாம். அவரும் தலையாட்டிவிட்டாராம்.

உலகத்தில் ஒருவருக்கு வலிக்கும் என்றால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். அவருக்கு வலிக்கும் என்று ஒரு சொல்லையே மொழியிலிருந்து எடுத்துவிடும் அன்பை அகராதிக்காரர்களிடம்தான் பார்க்க முடியும். நீச்சல்காரன் என்ன பாவம் செய்தான்? ஓவியன் என்ன செய்தான்? எஞ்சின் என்ன செய்தது? என் ஒருவனுக்காக அத்தனை பேருடைய சொல்லும் காணாமல் போக வேண்டுமா? இதையெல்லாம் அவளிடம் கேட்க நினைத்தேன். சுருக்கமாகப் பேசுவது என்று முடிவு செய்து, "அது... என்... சொல்லு" என்று மட்டும் சொன்னேன். போதும். அவள் முகம் சுருங்கிவிட்டது.

தலைவர் பிறகு என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். ஆகஸ்டுக் கடைசியில் சொல்லமர்வு இருக்கிறது. துறைக்கு ஒருவராக நிபுணர்கள் வந்து உட்காருவார்கள். அட்டையை உருவாக்கியவர் எழுந்து நின்று ஒவ்வொரு பொருளையும் சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்லி, வாக்கெடுப்பில் நிறைவேற்ற வேண்டும். அவருக்காக வேறொருவர் பேசக் கூடாது. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான். ஸ்ட்ரோக்கை நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சுற்றிவளைத்துப் பேசினார். இந்த ஒரு தடவை நிறைமதி வாசிக்கட்டும், நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். முடியாது என்றேன். அப்படியானால் அன்றைக்கு எனக்குச் சிரமமாகப் போய்விட்டால் எஸ் தொகுதியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு நான் ஆலோசகராக இருக்கலாம் என்றார். ஆலோசகர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பொன்னாடை போர்த்தி மூலையில் உட்கார வைத்து, வருகிறவர்களிடம் அறிமுகம் செய்து வைப்பார்கள்.

ஜூலை 27, வெள்ளி

ஒரு வாரமாக அட்டை எழுதுகிறேன். என்ன ஒரு சொல்! சின்னச் சொல்தான், ஆனால் ஊர் முழுக்க வேலை பார்க்கிறது.

எஞ்சினில் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவது: வீச்சு. நீச்சல்காரன் தண்ணீரைத் தள்ளுவது: கைவீச்சு. தூரிகை ஒரு முறை பட்டு எடுப்பது: தீற்றல். கிரிக்கெட்டில் பந்தை அடிப்பது அடி. எழுத்தில் பேனா எடுக்காமல் போடுவது கீற்று. கணினியில் விசையைத் தட்டுவது தட்டு. மின்னலில் வெட்டு. வெயிலில் தாக்கு. பூனைக்குட்டி முதுகில் வருடல். அதே சொல் ஒரு வீட்டில் பூனையைத் தடவிக்கொண்டிருக்கிறது, அடுத்த வீட்டில் ஆளைச் சாய்க்கிறது.

மிருதங்கத்துக்கு என்ன போடுவது என்று எங்கள் இசைத்துறை நிபுணருக்குத் தொலைபேசியில் பேசினேன். மிருதங்கத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் 'சொல்' என்றுதான் பெயர் என்றார். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எழுதும்போது சிரிப்பு வந்தது.

மருத்துவத்துக்கு உரிய இடத்தை இன்னும் நிரப்பவில்லை. அவசரம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

ஆடிப்பெருக்கு. காவிரி இந்த ஆண்டு கரை தொட்டு ஓடுகிறது. மனைவி எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் கிளறினாள். ஓடத்துறைப் பக்கம் கூட்டம் தாங்காது என்று வீட்டிலேயே சொம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டோம். சாதம் நன்றாக இருந்தது. நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கியதில் அவளுக்குச் சந்தோஷம்.

மதியம் நான் தூங்குவதாக நினைத்து அவள் தஞ்சாவூரில் இருக்கும் தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. காதில் விழுந்தது.

"எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சா அந்த நாள்தான் ஞாபகம் வருதுக்கா. காலையிலயே பேச்சு கொளறிடுச்சு. கை காலெல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு? பித்தம்னு நெனச்சு சாறு புழிஞ்சு குடுத்து படுக்க வெச்சுட்டேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியில டாக்டரு, ஏம்மா இவ்வளவு லேட்டுன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

அதற்குப் பிறகு அக்காதான் பேசியிருக்க வேண்டும்.

எழுதிவிடுகிறேன். ஜூனில் எனக்கு வந்தது மயக்கம் இல்லை. அன்று காலை செய்தித்தாளைக் கேட்க வாய் திறந்தேன். வந்தது வேறு ஏதோ சத்தம். அவள் உடனே என் கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். நடக்கச் சொன்னாள், நடந்தேன். பக்கவாதம் இல்லை என்று இரண்டு பேருக்கும் அத்தனை நிம்மதி. பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழ வேண்டும். நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அந்தப் பெயரே அப்படித்தான் சொல்கிறது. பகல் முழுக்க நிம்மதியாக வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

அவள் பிழை செய்யவில்லை. அந்தச் சொல்லை நம்பினாள். சொல்லுக்குப் பொறுப்பு என்னைப் போன்றவர்கள்.

மருத்துவத்துக்கு என்ன போட வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. மூளைத்தாக்கு.

ஆகஸ்ட் 6, திங்கள்

குமுதவல்லி.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

நேற்று எழுதியதன் கீழே சேர்க்க ஒன்றுமில்லை. இன்று காலையில் கூடத்திலிருந்தே உரக்கக் கூப்பிட்டேன். "எதுக்கு இப்ப பேரச் சொல்லி ஏலம் போடறீங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போவுது" என்றாள். ஆனால் கையில் மாவோடு உடனே வந்து நின்றாள். எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, திங்கள்

தினமும் மாலையில் ஒத்திகை. குமுதவல்லிதான் குழு. நாற்காலியில் உட்கார வைத்து, அவள் எதிரில் நின்று, அட்டையைச் சொல்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: எடுத்துக்கொடுக்கக் கூடாது. அது அவளுக்குப் பெரிய தண்டனை. நான் தீற்றல் என்பதற்குத் திணறும்போது அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறாள். கண்ணிலேயே சொல்லிவிடுவாள் போலிருக்கிறது. அதனால் கண்ணையும் மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டாள், பிறகு பார்த்தால் அப்படியே தூங்கிவிட்டாள். குழு உறுப்பினர்கள் சிலரும் இப்படித்தான், எனக்குப் பழக்கம் உண்டு.

மருத்துவப் பொருளை மட்டும் அவளிடம் ஒத்திகை பார்க்கவில்லை. அதை யாரிடமும் சொல்லிப் பார்க்க வேண்டியது இல்லை.

ஆக்னஸ் இன்று படங்களைக் காட்டினாள். சீப்பு, பூட்டு, குடை. பெயர்களையே கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

பேராசிரியர் இன்னாசிமுத்து அன்போடு ஒரு செய்தி சொன்னார். உறுப்பினர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டாராம். வெள்ளிக்கிழமை அமர்வில் யாரும் என்னைக் கேள்வி கேட்டுச் சிரமப்படுத்த மாட்டார்களாம். முழு ஒத்துழைப்பாம்.

எனக்கு வந்த கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். குமுதவல்லி அதற்கு ஒரு தனிக் கோபம் காட்டினாள்.

ஒரு பதிப்பாசிரியருக்குக் கிடைக்கும் மரியாதை என்ன? அவர் சொன்னதை மறுப்பது. மருத்துவத் துறையின் டாக்டர் மெஹருன்னிசா என் அட்டைகளைக் கிழிக்காத குறையாக மறுத்தவர். சிகாமணி சார், இத வெச்சு ஒரு நோயாளிகிட்ட பேசிப் பாருங்க, ஓடிப்போயிடுவாரு என்று ஒருமுறை சபையிலேயே சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் அதைவிட நல்ல சொல்லோடு போனேன். அந்த அம்மாளும் இப்போது ஒத்துழைக்கப் போகிறார். இதைவிட ஆலோசகர் பதவியே தேவலை.

ஆகஸ்ட் 24, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை. குமுதவல்லி திருநீறு பூசிவிட்டாள். நன்றாகப் பேசுங்கள் என்று அவள் சொல்லவில்லை, வெயிலில் நடக்காதீர்கள் என்றுதான் சொன்னாள். அதில் எனக்கு நிம்மதி.

அறையில் எல்லோரும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றதும் அத்தனை பேரும் ஒரே மாதிரிப் புன்னகை செய்தார்கள். திருமண வீட்டில் மேடையேறிப் பாடத் தொடங்கும் குழந்தையைப் பார்த்துச் செய்வார்களே, அந்தப் புன்னகை.

எஞ்சினுக்கு வீச்சு என்றேன். நிறைவேறியது என்றார் தலைவர். பொறியியல்காரர் வழக்கமாகக் காற்புள்ளிக்கே கணக்குக் கேட்பார். இன்று தலையை ஆட்டினார். நீச்சலுக்குக் கைவீச்சு. நிறைவேறியது. ஓவியத்துக்கு வரும்போது கொஞ்சம் நின்றேன், பிறகு தீற்றல் வந்தது. நிறைவேறியது. கீற்று, தட்டு, வெட்டு, வருடல், எல்லாம் நிறைவேறின. வழுக்குகிற படியில் இறங்குவதுபோல இருந்தது. கால் எங்கும் ஊன்றவே இல்லை.

அடுத்தது கடிகாரம். மணி அடிக்கிற ஒவ்வோர் அடிக்கும் என்ன சொல்? கொட்டாவி என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். இவர்களைச் சோதிக்கத்தான். இதில் வேறு காரணம் எதுவும் இல்லை.

"நிறைவேறியது" என்றார் தலைவர்.

நான் அட்டையை மேசையில் வைத்தேன். ஒருவர் முகத்தையும் விடாமல் பார்த்தேன். கொட்டாவி என்று கடிகாரத்துக்கு அச்சடித்து நூலகம் நூலகமாக அனுப்பப் போகிறார்கள். என் மனம் நோகக் கூடாது என்பதற்காக இதைச் செய்கிறார்கள். எனக்குக் காது சூடேறியது. பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது.

"கடிகாரத்துக்கு... கொட்டாவியா?" என்றேன். "ஒருத்தருக்குமா... மறுப்பு இல்ல?"

பொறியியல்காரர் தேநீர்க் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். டாக்டர் மெஹருன்னிசாதான் மெல்ல, "கொட்டாவி தப்பு சார். மணியடின்னு இருக்கணும்" என்றார். நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

பிறகு மருத்துவம். மூளைத்தாக்கு என்று வைத்தேன். இதுவரை நாம் வழங்கும் சொல்லை ஏன் மாற்ற வேண்டும் என்று விளக்கத் தொடங்கினேன். அந்தப் பழைய சொல்லைச் சொல்ல வேண்டிய இடத்தில் அது வரவில்லை.

அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த சொல். வாசலில் நிற்கிற காவலாளியைக் கேட்டாலும் சொல்வார். எனக்கு வரவில்லை. தலைவருடைய உதடுகள் அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குச் சேர்ந்தன. பிறகு வழக்கம் நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டு நிறைமதியைப் பார்த்தார், நீ காதோடு சொல்லிவிடேன் என்பதுபோல. எனக்குப் பக்கத்து நாற்காலியில் அவள். ஒரு மூச்சு விட்டால் போதும், சொல் என் காதுக்கு வந்துவிடும். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். வாயை இறுக மூடியிருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுவதும் யாரும் எனக்கு எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணை நான் அப்போது நினைத்த அளவு பெருமையாக வேறு யாரையும் நினைத்ததில்லை.

"பக்கவாதம்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தது. திக்கித் திக்கித்தான், ஆனால் வந்தது.

"அந்தப் பேரு... ஒரு பக்கம் விழும்னு சொல்லுது. எனக்கு வந்தது அதுதான். கை விழல. கால் விழல. பேச்சு மட்டும்... போச்சு. பக்கவாதம் இல்லன்னு... நிம்மதியா வீட்டுல படுத்திருந்தோம். என் மனைவிகிட்ட டாக்டர் கேட்டாரு, ஏன் லேட்டுன்னு. அவ மேல தப்பில்ல. பேரு மேல தப்பு."

எனக்கு வந்தது அதுதான் என்று வெளியில் நான் சொன்னது இதுவே முதல் தடவை. சொன்ன பிறகும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

டாக்டர் மெஹருன்னிசா எழுந்தார். அமர்ந்தபடியே பேசலாம் என்பது விதி, ஆனாலும் எழுந்தார்.

"நீங்க சொன்ன காரணம் நூத்துக்கு நூறு சரி சார். உங்க சொல்லு எனக்கு வேண்டாம்" என்றார். "எங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் கதவத் தொறந்து பக்கவாதம்னு கத்துனா கூட்டம் ஒதுங்கி வழி விடும். மூளைத்தாக்குன்னா, அது என்னன்னு கேட்டு நிப்பாங்க. எங்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் வேணும். தெரிஞ்ச பேர எடுத்துட்டுத் தெரியாத பேர வெச்சா, உங்களுக்கு நடந்தது இன்னும் பல பேருக்கு நடக்கும்."

நான் மறுத்தேன். தெரியாத சொல் பத்து ஆண்டில் தெரிந்த சொல்லாகும் என்றேன். அந்தப் பத்து ஆண்டில் வருகிற நோயாளிகளுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். தவறான பெயரைத் தெரிந்துவைத்திருப்பதில் என்ன லாபம் என்றேன். நெஞ்சுவலி என்கிறோமே, வலி தோளில் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லித்தருகிறோம் அல்லவா, அதுபோல இதற்கும் சொல்லித்தரலாம் என்றார். பொறியியல்காரர் இடையில் புகுந்து என் பக்கம் பேசினார். இசைக்காரர் டாக்டர் பக்கம் பேசினார். ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குச் சொல் வராமல் நின்றபோது அவர்கள் காத்திருந்தார்கள், வந்தவுடன் பாய்ந்தார்கள். தேநீர் ஆறி ஏடு கட்டிவிட்டது. ஜூனுக்குப் பிறகு இப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்க்கவில்லை.

கடைசியில் தலைவர் மேசையைத் தட்டினார்.

"மூளைத்தாக்கு. மறுப்பவர்கள் கை தூக்கலாம்."

முதலில் உயர்ந்த கை நிறைமதியுடையது. என் தோளுக்குப் பக்கத்தில், விரைப்பாக. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பிறகு டாக்டர், இசைக்காரர், சட்டத்துறைக்காரர் என்று மொத்தம் ஏழு கைகள். எனக்கு ஆதரவாக இரண்டு. மூளைத்தாக்கு தோற்றது.

தோற்றதும் நிறைமதி எழுந்தாள். "பக்கவாதம்ங்கிற சொல்லு இருக்கட்டும். ஐயா சொன்னது அதுக்குக் கீழ விளக்கமாப் போகணும்னு முன்மொழியறேன்" என்றாள். டாக்டர் வழிமொழிந்தார். விளக்க வாக்கியத்தை நான் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். ஓர் இடத்தில் 'மட்டுமே' என்று சொன்னேன். 'மட்டும்' போதும், ஏகாரம் அதிகம் என்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. அந்த ஏகாரத்தை அவள் எடுத்துவிட்டாள்.

வெளியே வரும்போது தலைவர் என் தோளில் கை வைத்து, எஸ் தொகுதியில் மிச்சத்தை அடுத்த அமர்வுக்குக் கொண்டு வந்துவிடுங்கள் என்றார். ஆலோசகர் என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குமுதவல்லியை உட்காரச் சொன்னேன். சமையல் முடிந்து சாதம் வடித்து வைத்திருந்தாள். ஆறிவிடும் என்றாள். ஆறட்டும் என்றேன். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நின்றபடி வாசித்தேன். அகராதியில் இப்படித்தான் வரப்போகிறது:

பக்கவாதம். மூளைக்குச் செல்லும் இரத்தம் திடீரெனத் தடைபடுவதாலோ இரத்தக் குழாய் வெடிப்பதாலோ வருவது. கை, கால் விழாமல் பேச்சு மட்டும் குழறினாலும் இதுவே. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை.

முடித்ததும் தாளை வாங்கி அவளே ஒரு முறை படித்தாள். "இது முன்னாடி எதுலயும் இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் எழுதல. அதான்... உனக்குத் தெரியல."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், நீண்ட நேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆபீசில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டாள்.

ஏழு பேர் எனக்கு எதிராகக் கை தூக்கினார்கள் என்றேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "அப்ப நல்லா இருக்கீங்க" என்று சொல்லி இலை போட எழுந்தாள்.